கோட்டுக்கும் அகலம் உண்டு

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அரை மணி நேரம் பேசோணும், பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கோணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "கட்டிட டிசைன் சாஃப்ட்வேர்ல சுவர்ப் பேனல் ஜாயின்ட்" என்றார். தலைப்பைச் சொன்னதுமே என்னுடைய 1984 பேட்ச் நண்பர்கள் சிலர் கேன்டீன் பக்கம் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோட்டைப் பற்றி அரை மணி நேரமா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஒரு கோட்டால் ஒரு மனிதரின் வேலை போயிற்று. போகக் காரணமானவன் நான். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் இந்தக் கல்லூரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலில்கூட அவ்வளவு பயபக்தி கிடையாது. வரைபடம் எல்லாம் டிராயிங் ஹாலில்தான். மினி டிராஃப்டர், ரோட்ரிங் பேனா, டிரேசிங் பேப்பர், தப்பைச் சுரண்டி எடுக்க அரை பிளேடு. வியர்வைக் கை பட்டால் தாள் சுருங்கும். எங்கள் டிராயிங் பேராசிரியர் பின்னால் வந்து நின்று, விரலால் ஒரு கோட்டைத் தொட்டுக் கேட்பார்: "தம்பி, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு? அந்தப் பக்கம் என்ன இருக்கு? நடுவுல என்ன?" இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வோம். மூன்றாவதுக்கு விழிப்போம். "நடுவுல ஒண்ணுமில்லீங்க சார்" என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அந்த மூன்றாவது கேள்விக்கு விடை தெரிய எனக்கு இருபத்தைந்து வருடம் ஆயிற்று.

பேனல் என்றால் என்ன என்று மற்றத் துறை நண்பர்களுக்காக இரண்டு வரி. செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் கட்டுவது நாம் அறிந்த முறை. அதற்குப் பதிலாக, சுவரையே துண்டு துண்டாகத் தொழிற்சாலையில் கான்கிரீட்டில் வார்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி நிறுத்துவது பேனல் முறை. இரண்டு பேனல் சந்திக்கும் இடம் ஜாயின்ட். அது சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிப் போகும். ரிவீல் என்பது வேறு. அது பேனலின் முகத்தில் மட்டும் பத்து, பதினைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போடும் பள்ளக்கோடு. வெயில் பட்டால் நிழல் விழும். பெரிய சுவர் அளவாகப் பிரிந்து அழகாகத் தெரியும். நம்ம மேஸ்திரிகள் குரூவ் என்பார்கள். ரோட்டில் நின்று பார்த்தால் ஜாயின்ட்டும் கோடு, ரிவீலும் கோடு. கம்ப்யூட்டர் திரையிலும் அப்படியே. வித்தியாசம் வெயிலுக்கும் மழைக்கும்தான் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2012. பல்லடம் பக்கத்தில் ஒரு ஆலை வளாகத்துக்கு மூன்று மாடி அலுவலகக் கட்டிடம். மேற்குப் பக்கச் சுவர் 48 மீட்டர் நீளம். முதலாளிக்கு வேகமாக முடிக்க வேண்டும், எனவே கான்கிரீட் பேனல். ஒரு வரிசைக்கு 16 பேனல், மூன்று வரிசை, ஆக 48 பேனல். ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் உயரம். அகலம் 3 மீட்டர் என்று கணக்குக்கு வசதியாக அமைந்துவிட்டது. 16 பெருக்கல் 3, சரியாக 48. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் எங்கள் ஆபீசில் ரெவிட் மென்பொருளுக்கு மாறியிருந்தோம். அது 2000-ல் வெளிவந்து, 2002-ல் ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. கோடு கோடாக வரையாமல் சுவரைச் சுவராகவே, கதவைக் கதவாகவே கம்ப்யூட்டருக்குள் கட்டுவது அதன் வழி. நான் சுவரை 48 மீட்டருக்கு ஒரே பொருளாகக் கட்டினேன். பேனல் பிரிவைக் காட்ட, அதன் முகத்தில் 3 மீட்டருக்கு ஒரு கோடு விழும்படி பேட்டர்ன் போட்டேன். படம் பிரமாதமாக வந்தது. கலரில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தோம். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தப் படத்திலிருந்து அளவு எடுத்துத்தான் பேனல் வார்க்கும் அச்சு செய்தார்கள். பேனல் அகலம் 3,000 மில்லிமீட்டர்.

டிசம்பரில் நிறுத்த ஆரம்பித்தார்கள். பேனல் நிறுத்தும் ஃபோர்மேன் காங்கயம் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எட்டாவது வரை படித்தவர், ஆனால் தூக்குக் குண்டு பிடித்தால் ஒரு மில்லி பிசகாது. பழக்கப்படி ஒவ்வொரு பேனலுக்கும் நடுவே 12 மில்லி விட்டு நிறுத்திக்கொண்டே வந்தார். பதினைந்தாவது முடிந்ததும் எனக்கு போன்.

"ஏனுங் சார், எடம் பத்தலீங்க."

"எவ்வளவு இருக்கு?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி எட்டுங்க. பேனலு மூவாயிரமுங்க."

"நீங்க ஏன் கேப் விட்டீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கேப்பு உடாம எப்புடீங் சார் நிறுத்தறது?" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பேனல் 45,000. 16 இடைவெளி, தலா 12, ஆக 192. கூட்டினால் 45,192. மீதி 2,808. அவர் அளவு மில்லி சுத்தம். என் மாடலில்தான் இடைவெளி பூஜ்யம். ஒரு வரிசையில் 17 இடைவெளி வர வேண்டும், 204 மில்லி. அதை நான் எங்கேயும் வைக்கவில்லை.

கடைசிப் பேனலில் 204 மில்லியை வெட்டிவிடலாமா என்றால் முடியாது. விளிம்பிலிருந்து 100 மில்லியில் கட்டிடத்தோடு பிடிக்கும் இரும்புத் தகடு பதித்திருந்தோம். 48 பேனலும் ஏற்கனவே வார்த்தாயிற்று. நான் ஒரு யோசனை சொன்னேன். கடைசிப் பேனலில் 51 மில்லி மட்டும் வெட்டுங்கள். அதை 17 இடைவெளிக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 3 மில்லி. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி நெருக்கி நிறுத்துங்கள். கணக்கு டாலியாகிவிட்டது. ஃபோர்மேன், "வேண்டாமுங் சார், முட்டிக்குமுங்க" என்றார். "படத்துல உள்ளபடி பண்ணுங்க" என்று சொல்லி போனை வைத்தேன். இந்த வாக்கியத்தை எத்தனை இன்ஜினியர்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன்!

இப்போது கொஞ்சம் பாடம். கான்கிரீட் வெயிலில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு, நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மேற்குச் சுவர் சித்திரை மத்தியானத்தில் கொதித்து, விடியற்காலையில் ஆறும். மேற்பரப்பு வெப்பம் 35 டிகிரி ஏறி இறங்குவதாக வைத்தால், 3 மீட்டர் பேனலுக்கு அசைவு சுமார் 1 மில்லி. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இடைவெளியை அடைக்கும் சீலன்ட், தன் அகலத்தில் கால் பங்கு வரைதான் இழுபடும், அமுங்கும் என்று எடுத்துக்கொண்டால், 1 மில்லி அசைவுக்கே 4 மில்லி அகலம் வேண்டும். இதற்கு மேல் அச்சில் வரும் பிழை, நிறுத்துவதில் வரும் பிழை. பேனல் ஒரு பக்கம் 2 மில்லி கூடும், இன்னொரு பக்கம் 3 மில்லி சாயும். இதையெல்லாம் சேர்த்துத்தான் 12 மில்லி. அந்த ஃபோர்மேன் இந்தச் சூத்திரம் எதுவும் படிக்கவில்லை. அவர் கைக்கு 12 தெரிந்திருந்தது.

நான் கொடுத்த 3 மில்லி என்பது சராசரி. நிஜத்தில் சில இடத்தில் 5, சில இடத்தில் பூஜ்யம். மார்கழிக் குளிரில் நிறுத்திய பேனல்கள் ஏப்ரலில் நீண்டு, பூஜ்யமாக இருந்த இடங்களில் ஒன்றையொன்று நெருக்கின. விளிம்புகள் பொரிந்து விழுந்தன. மீதி இடங்களில் 3 மில்லி சந்துக்குள் சீலன்ட் துப்பாக்கியின் மூக்கே நுழையாது. மேலே பூசிவிட்டுப் போயிருந்தார்கள்.

பிறகு ஆனி வந்தது. நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் மழை அளவு அதிகம் இருக்காது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் படுக்கையாக அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, தண்ணீர்த் துளி 3 மில்லி சந்துக்குள் போகாதா? இரண்டாம் மாடியில் கணக்குப் பிரிவு முழுக்க ஈரம். லெட்ஜர்களை மேசைமேல் பரப்பி ஃபேன் போட்டு உலர்த்தினார்கள்.

ஜூலை 2013-ல் ஒரு கூட்டம். முதலாளி, ஒப்பந்தக்காரர், நான், ஃபோர்மேன். "யார் தப்பு?" என்றார் முதலாளி. ஒப்பந்தக்காரர் ஃபோர்மேனைக் காட்டி, "இவர் நிறுத்தினதுல நெருக்கம் ஜாஸ்தியாப் போச்சு" என்றார். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த படத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தில் கோடுகள் மட்டும்தான் இருந்தன. எவ்வளவு அகலம் என்று எங்கேயும் இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

நண்பர்களே, இதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். இந்தியத் தர நிறுவனம், பெரிய பேனல் கட்டுமானத்துக்கென்றே ஐ.எஸ். 11447 என்ற விதிமுறையை 1985-ல் வெளியிட்டிருக்கிறது. நாம் இதே வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். நான் அதைத் திறந்து பார்த்தது 2013-ல்! மழை எப்படி ஜாயின்ட்டுக்குள் நுழைகிறது என்பதைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1963-லேயே ஒரு சிறு வெளியீட்டில் விளக்கிவிட்டது. சுவருக்கு வெளியே காற்றழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. அந்த வித்தியாசம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எனவே வெளிப்பக்கம் மழையைத் தடுக்க ஒரு தடுப்பு, உள்பக்கம் காற்றைத் தடுக்க ஒரு அடைப்பு, நடுவில் காற்று நிற்கவும், நுழைந்த நீர் கீழே வடியவும் ஒரு வெற்றிடம். என் பேராசிரியர் கேட்ட "நடுவுல என்ன" என்பதற்கு இதுதான் பதில். நடுவே அத்தனை சமாச்சாரம் இருக்கிறது.

ஜாயின்ட் தவறினால் ஈரம் மட்டும் வரும் என்றில்லை. லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் குடியிருப்பு. பேனல்களாலேயே கட்டியது. 1968 மே 16-ஆம் தேதி காலையில் 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்து ஒரு சுவர்ப் பேனல் பெயர்ந்தது. அதை நம்பி நின்ற மேல் மாடிகள் சரிய, அந்தப் பாரத்தில் கீழ் மாடிகளும் சரிந்து, கட்டிடத்தின் ஒரு மூலை முழுவதும் போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். 1986-ல் அந்தக் கட்டிடத்தைப் பிரித்தபோது, பல ஜாயின்ட்டுகளில் கலவையே சரியாக நிரப்பாமல் விட்டிருந்தது தெரிந்தது. நம் நாட்டிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்தில், பேனல்களால் கட்டிய பள்ளிக் கட்டிடங்கள் பலவற்றின் கூரை விழுந்ததற்கு, துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பு போதாததே பெரிய காரணம்.

இதைக் கேட்டுப் பேனலே வேண்டாம் என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை, முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2013-ல், கண்ணாடி இழையும் ஜிப்சமும் கலந்த பேனல்களால் இரண்டு மாடி மாதிரிக் கட்டிடம் எழுப்பினார்கள். அந்தப் பேனல் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லி கனம். நம் கோவையிலேயே ஜி.டி. நாயுடு, காலையில் கடைக்கால் எடுத்துச் சாயந்திரத்துக்குள் சிக்கன வீடு கட்டிக்காட்டியவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேகம் நமக்குப் புதிதில்லை. ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பேனல் இன்னும் அதிகமாக வரும். அதனால்தான் ஜாயின்ட்டை மாடலில் எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பு எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கிரிட் கோட்டை ஜாயின்ட்டின் நடுக்கோடாக வையுங்கள், பேனலின் விளிம்பாக வைக்காதீர்கள். 3,000 மில்லிக்கு ஒரு கிரிட், ஜாயின்ட் 12 என்றால், பேனல் 2,988. கேட்க அசிங்கமான எண்தான். 3,000 என்ற அழகான எண்ணில்தான் நான் விழுந்தேன். இதில் நமக்குச் சொல்லித்தர வெளிநாட்டான் வேண்டாம். திருப்பூரில் பனியன் கட்டிங் மாஸ்டர் தையலுக்கு விடாமல் துணியை வெட்டுவாரா? இங்கே பீளமேட்டில், கணபதியில் பேட்டர்ன் செய்பவர், வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்று மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லி கூட்டித்தானே செய்கிறார்? நம் ஊர் தொழில் எல்லாவற்றிலும் "விட்டு வைப்பது" இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எப்படியோ நமக்கு மறந்துவிடுகிறது.

இரண்டாவது, எந்த நேரத்தில் எவ்வளவு கட்டுவது என்று தெரிய வேண்டும். முதலாளிக்குப் படம் காட்டும் கட்டத்தில் முகத்தில் பேட்டர்ன் கோடு போதும், தப்பில்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து யாரும் அளவு எடுக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள். தொழிற்சாலைக்குப் போகும் கட்டத்தில் சுவரைப் பார்ட்ஸ் ஆக மாற்றி, கிரிட் கோடுகளை வைத்துப் பிரித்து, இடைவெளி எத்தனை மில்லி என்று கொடுங்கள். மென்பொருள் தானே ஒவ்வொரு துண்டையும் குறைத்து, சரியான அளவையும் கன அளவையும் பட்டியல் போட்டுத் தரும். பல மாணவர்கள், "சார், பிரிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அந்த வியூவில் பார்ட்ஸைக் காட்டச் சொல்லி மாற்றியிருக்க மாட்டார்கள். பழைய முழுச் சுவரே தெரிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, இடைவெளியை வெறும் வெற்றிடமாக விட்டுவிடாதீர்கள். அதற்குள் சீலன்ட்டையும், அதன் பின்னால் வைக்கும் நுரைக் கயிற்றையும் ஒரு பொருளாகவே வையுங்கள். 12 மில்லி அகலத்துக்கு 6 மில்லி ஆழம் போதும். பின்னால் கயிறு எதற்கென்றால், சீலன்ட் இரண்டு பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். முதுகிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட முடியாமல் கிழியும். பொருளாக வைத்தால் இன்னொரு லாபம் உண்டு. என் பல்லடம் கட்டிடத்தில் 51 செங்குத்து ஜாயின்ட், தலா 3.6 மீட்டர், இரண்டு படுக்கை ஜாயின்ட், தலா 48 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 280 மீட்டர். என் அளவுப் பட்டியலில் அது இல்லவே இல்லை. பட்டியலில் இல்லாததற்கு யார் காசு ஒதுக்குவார்கள்?

நான்காவது, ரிவீல். இதற்கு மென்பொருளில் தனிக் கருவியே உண்டு. பள்ளத்தின் வெட்டுமுகத்தை வரைந்து கொடுத்தால் சுவரில் அது ஓடும். ஒரே மாதிரி எல்லாச் சுவரிலும் வரும் படுக்கை ரிவீலைச் சுவரின் வகையிலேயே சேர்த்துவிடலாம். செங்குத்து ரிவீலைத் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். மூலையில் திரும்பும்போது அடுத்த சுவரின் ரிவீலோடு மட்டம் சேருகிறதா என்று பாருங்கள். வெட்டுமுகத்தை நேர்ச் சதுரமாக வரையாதீர்கள். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் சரிவு கொடுங்கள். இல்லையென்றால் அச்சிலிருந்து கழற்றும்போது விளிம்பு பிய்ந்துவிடும். பேட்டர்ன் மண்ணிலிருந்து எழும்ப நம் ஃபவுண்டரிக்காரர்கள் சரிவு கொடுப்பது போலத்தான். கம்பிக்கு மேல் உள்ள கான்கிரீட் கனத்தை ரிவீலின் அடியிலிருந்து அளந்து கொள்ளுங்கள். சுவர் முகத்திலிருந்து அளந்தால், பள்ளத்துக்கு நேரே கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சின்னச் சின்ன வளைவுகளை எல்லாம் வெட்டுமுகத்தில் வரைந்தால் ஃபைல் கனத்துவிடும். அவற்றை விவரப் படத்தில் காட்டினால் போதும்.

ஐந்தாவது, மாடல் முடிந்ததும் ஜாயின்ட்டின் குறுக்குவெட்டை 1:5 அளவில் அச்செடுத்து, அதை நிறுத்தப் போகிற மனிதரிடம் காட்டுங்கள். "இதை எந்தப் பக்கமிருந்து அடைப்பீங்க? கை நுழையுமா?" என்று கேளுங்கள். அவர் "முட்டிக்குமுங்க" என்றால் போனை வைக்காதீர்கள்.

கடைசியாக ஃபோர்மேனைப் பற்றி. 2019-ல் பெருந்துறையில் ஒரு நண்பர் வீட்டு வேலையைப் பார்க்கப் போனேன். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே மட்டப்பலகை வைத்து ஒருவர் குரூவ் இழுத்துக்கொண்டிருந்தார். அவர்தான். பேனல் வேலையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். "வாங் சார், நல்லாருக்கீங்களா? டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. "அன்னிக்கு நான் பேசியிருக்கோணும் அண்ணா, தப்பு என்னோடது" என்றேன். அவர் குரூவை முழுசாக இழுத்து முடித்துவிட்டு, பலகையைத் துடைத்தார். "தெரியுமுங் சார்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் குரூவ் எதற்கு என்று நண்பரின் மகன் கேட்டதற்கு, "தூணும் செவுரும் ஒரே மாதிரி நவுராதுங்க தம்பி. விரிசல் உடத்தான் செய்யும். இதுக்குள்ளாற உட்டா வெளிய தெரியாதுங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

அன்று இரவே ஆலை முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன், நடந்ததை நடந்தபடி. அவர் அதற்குள் மேற்குச் சுவர் முழுக்கத் தகடு அடித்து மூடியிருந்தார். அதற்கான செலவில் என் பங்கைக் கொடுக்கிறேன் என்றும் எழுதினேன். வாங்கிக்கொண்டார். "இதை 2013-லயே சொல்லியிருந்தா அந்த ஆளை அனுப்பியிருக்க மாட்டேன்" என்று போனில் சொன்னார். ஃபோர்மேனை என் வேலைகளுக்கு வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன். "இங்கியே சரியா இருக்குதுங் சார்" என்றார். சில ஜாயின்ட்டுகளைப் பிறகு அடைக்க முடியாது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சிவில் துறைக்குப் பின்னால், பழைய சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே மேற்கே பார்த்து நிஜ அளவில் மூன்று பேனல் நிறுத்துவோம். ஒரு ஜாயின்ட் 12 மில்லி. இன்னொன்று நான் செய்த 3 மில்லி. நடுப் பேனலில் சரிவோடு ஒரு ரிவீல், சரிவில்லாமல் ஒன்று. மாணவர்கள் முதலில் மாடல் செய்யட்டும், பிறகு தாங்களே வார்த்து நிறுத்தட்டும். வெயிலும் சாரலும் மிச்சப் பாடத்தை நடத்திக்கொள்ளும். அச்சும் கிரேன் வாடகையும் என் பொறுப்பு. சிமெண்டும் கம்பியும் 1984 பேட்ச் ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன். கேன்டீனிலிருந்து திரும்பி வந்ததும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்!

மாணவர்களே, அந்த மூன்று பேனலையும் நிறுத்தும் அன்று, உங்களுக்குப் பின்னால் நின்று "நடுவுல என்ன?" என்று கேட்க நான் வருவேன்.